மேல் தோட்டத்து ஊற்று (எங்கள் கோத்தகிரி குடும்பக் குழுவில்)

கார்த்திக்: எல்லோருக்கும் வணக்கம். மேல் தோட்டம் 60 சென்ட் பற்றி ஒரு யோசனை. கோவையில் என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் பணம் போடத் தயார், நான்கு அறை காட்டேஜ் கட்டலாம் என்கிறார். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போகிறது, அப்பா போன பிறகு அந்த நிலத்தில் ஒரு ரூபாய் மிஞ்சவில்லை. சோலைக்காட்டை ஒட்டிய இடம், வியூ அருமையாக இருக்கும். பெரியவர்கள் சொல்லுங்கள்.

சாந்தி சித்தி: உன் கஷ்டம் புரிகிறதுப்பா. தண்ணீருக்கு என்ன செய்வாய்?

கார்த்திக்: ஊற்று இருக்கிறதே சித்தி.

செல்வம் பெரியப்பா: கார்த்தி, அந்த ஊற்றைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? நான் இன்று காலைதான் போய் வந்தேன். உன் தாத்தா கட்டிய கல்தொட்டியில் அந்தக் கருப்பு ஓஸ் வழியாக மாசி, பங்குனியில்கூட விரல் தடிமனுக்குத் தண்ணீர் விழும். மழை முடிந்து இரண்டே மாதம், இப்போதே நூல் மாதிரி வழிகிறது. ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் நின்றேன். பக்கத்துத் தோட்டத்தை வாங்கியவர்கள் போன வருடம் பாதைக்காகப் பொக்லைன் வைத்து மேட்டை வெட்டினார்கள் அல்லவா, அந்த வெட்டில் சோலை மரங்களின் வேர் வெளியே தொங்குகிறது. ஓரத்து நாவல் மரம் இரண்டு காய்ந்துவிட்டது. வெட்டிய மண் முழுக்க இப்போது சீகைக் கன்று, அதுதான் அந்த வாட்டில் மரம்.

பிரியா: ஐயோ, அந்த நாவல் மரமா பெரியப்பா? அதன் அடியில்தானே நாங்கள் விளையாடுவோம்.

மலர்: கார்த்தி, அக்கா கோபமாகச் சொல்லவில்லை, கேள். சோலைக்குள் தரையில் கையை அழுத்தினால் மணிக்கட்டு வரை இலைமக்குதான், அதுவும் மேலே இருக்கும் புல்வெளியும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ஊற்று என்பது தனியாக ஒன்றுமில்லை, சோலை விடும் தண்ணீர்தான் அது. ஓரத்தைத் திறந்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே போகும், அப்புறம் சீகை வரும், உண்ணிச்செடி வரும். சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் கிடந்து, தீ பட்டதும் கும்பலாக முளைக்கும். வெள்ளைக்காரன் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்தான், சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் புல்வெளியில் ஏக்கர் ஏக்கராக நட்டோம்.

சாந்தி சித்தி: நாங்களும் காட்டைத் தின்றவர்கள்தான் மலர். கேஸ் வரும்வரை வாரத்துக்கு மூன்று கட்டு விறகு அந்தச் சோலையிலிருந்துதான் தலையில் சுமந்தேன். காய்ந்த கொம்பு கிடைக்காத நாளில் பச்சையையும் வெட்டியிருக்கிறோம்.

கார்த்திக்: அதைத்தான் நானும் சொல்கிறேன். எல்லோரும் செய்ததுதானே, ஒரு காட்டேஜால் மலை சரிந்துவிடுமா?

மலர்: ஒவ்வொருவரும் ஒன்று என்றுதான் கட்டுகிறார்கள்! வண்டி தாங்காமல்தான் ஐகோர்ட் 2024 மே 7 முதல் இ-பாஸ் வைத்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வாரநாளில் 6000, சனி ஞாயிறில் 8000 வண்டி என்று கட்டுப்பாடு வந்தது. குறைத்த கணக்கே இது. அத்தனை பேரும் குளிக்க, கழிவறைக்கு, துணி துவைக்கத் தண்ணீர் எந்தச் சோலையிலிருந்து வரும்?

பிரியா: அண்ணா, 2009 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி முழுக்க மழை, வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கும் சத்தம், அப்பா நம்மைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். வெட்டிய மேட்டுக்குக் கீழே யாரோ காசு கொடுத்துத் தூங்க வருவார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

செல்வம் பெரியப்பா: இங்கேயே லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் தண்ணீர். ஊர்க்காரர்கள் வருடக் கணக்கில் காவல் காத்தார்கள், 2024 ஜனவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் மேல் சோலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் கீழே இருக்கும் பதினோரு வீடும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

கார்த்திக்: எனக்கும் அந்த ஊற்றுத் தண்ணீர்தான் பெரியப்பா ரத்தத்தில் ஓடுகிறது. அம்மாவுக்கு மாத்திரைச் செலவு மாதாமாதம் ஏறுகிறது, அதை யாரிடம் கேட்பது?

செல்வம் பெரியப்பா: என்னிடம் கேள். ரோட்டோரத்துப் பழைய வீட்டில் முன் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. கூரை ஓடுகளை மாற்றி, முறையாக அனுமதி வாங்கி, வாடகைக்கு விடலாம். வருவது முழுக்க உன் அம்மாவுக்கு. புதிதாக ஒரு கூடை மண்ணும் வெட்ட வேண்டாம்.

சாந்தி சித்தி: சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்த்திக்: நண்பரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிறு வருகிறேன், நேரில் பேசலாம்.

செல்வம் பெரியப்பா: வா. முதலில் ஊற்றுக்குப் போவோம், கடப்பாரை இரண்டு எடுத்து வைக்கிறேன், சீகைக் கன்று சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடலாம். எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் போதும், அதற்கு முன் தொட்டிப் பக்கம் காட்டுமாடு நிற்கும்.