எரேஸ்-ஆன்-ஸ்கிராட்ச்: ‘துடைத்து விடுவித்தல்’ எனலாமா?

அன்புடையீர்,

மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினிகளின் வட்டுகள் பற்றிய சொற்பட்டியலில், இடத்தை விடுவிக்கும்போதே அதிலுள்ள தரவை மேலெழுதும் வசதியான ‘எரேஸ்-ஆன்-ஸ்கிராட்ச்’ என்பதற்குக் ‘கீறல் அழிப்பு’ என்று முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஐபிஎம் இயங்குதளங்களில் ஒரு கோப்பை நீக்கி, அது பிடித்திருந்த இடத்தைப் பிறர் பயன்பாட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதையே ஸ்கிராட்ச் என்கிறார்கள். மீண்டும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிய காந்த நாடாவுக்கும் ஸ்கிராட்ச் நாடா என்றே பெயர். கீறலுக்கு இங்கே வேலையில்லை.

பலர் பகிரும் வட்டில் ஒரு கோப்பை நீக்கினால், வி.டி.ஓ.சி. எனப்படும் உள்ளடக்க அட்டவணையில் அதற்குரிய பதிவு மட்டுமே போகிறது; தரவு பதியும் வட்டப் பாதைகளான தடங்களில் எழுதியது எழுதியபடியே கிடக்கிறது. ரேக்ஃப் போன்ற காவல் மென்பொருள் கோப்பின் பெயரைக் கொண்டே அனுமதியைச் சரிபார்ப்பதால், பெயர் போன பிறகு அந்தத் தடங்களுக்குக் காவல் இல்லை. ஐபிஎம்மின் 3390 வகை வட்டில் ஒரு தடம் 56,664 பைட்டு வரை கொள்ளும். 15 தடங்கள் ஓர் உருளை. சம்பளப் பட்டியல் இருந்த ஓர் உருளை வேறொருவரின் சோதனைக் கோப்புக்கு ஒதுக்கப்பட்டு, அவர் அதில் எதையும் எழுதாமல் தடங்களை நேரே படித்தால், எட்டு லட்சம் பைட்டுக்கு மேற்பட்ட எச்சத் தரவு அவர் கைக்குப் போகக்கூடும். இதைத் தடுக்கவே விடுவிக்கும் இடம் முழுவதையும் மேலெழுதும் இந்த வசதி இருக்கிறது.

‘அழித்தல்’ பலகையில் எழுதியதை அழிப்பதையும் குறிக்கும், பொருளையே நாசமாக்குவதையும் குறிக்கும். இங்கே வட்டு நலமாக இருக்கிறது, எழுத்துதான் போகிறது என்பதால் ‘துடைத்தல்’ பொருந்துகிறது. ‘நீக்கத் துடைப்பு’ என்ற பரிந்துரை இதைவிட நெருங்கி வந்தாலும், கோப்பை நீக்காமலே அதில் பயன்படாத பகுதியை மட்டும் திருப்பிக் கொடுக்கும்போதும் துடைப்பு நிகழ்கிறது என்பதை அது விட்டுவிடுகிறது. ஆகவே இரண்டாம் உறுப்பு ‘நீக்கு’ அன்று, ‘விடுவி’.

என் பரிந்துரை ‘துடைத்து விடுவித்தல்’. ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘ஆன்’ இரு செயல்களும் சேர்ந்து நடப்பதைச் சொல்கிறதே தவிர, எது முந்தியது என்று சொல்வதில்லை. பாதுகாப்போ முழுக்க அந்த வரிசையில்தான் இருக்கிறது. விடுவித்துத் துடைத்தால், இடையிலுள்ள நொடியில் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடலாம். நம்முடைய வினையெச்சம் முதலில் துடைப்பு, பின்னரே விடுவிப்பு என்று கட்டாயப்படுத்துகிறது. (எச்சத் தரவை ஒழிக்க வினையெச்சம் உதவுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது.)

‘பாதுகாப்பான அழிப்பு’ என்றே பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்துக்கும் ஒரு வார்த்தை. இன்றைய சேமிப்பகங்களில் 3390 என்பது பெரும்பாலும் மென்பொருள் காட்டும் தோற்றமே. நாம் மேலெழுதுவது பழைய தரவு இருந்த அதே பௌதிக இடத்தில்தான் விழும் என்று எல்லாக் கருவிகளிலும் உறுதி கூற முடியாது. அடுத்த பயனர் மென்பொருள் காட்டும் தருக்க முகவரி வழியாகத்தான் படிப்பார் என்பதால் அவரிடமிருந்து காக்க இந்தத் துடைப்பே போதும். கருவியே நிறுவனத்தை விட்டு வெளியேறும்போது அது போதாது. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த தரவைப் படிக்க உதவும் திறவுகோலை ஒழிப்பது போன்ற வழிகள் வேண்டும். அதற்குத் ‘திறவுகோல் அழிப்பு’ என்று தனிச்சொல் வைக்கலாம், ஏனெனில் அங்கே திறவுகோல் உண்மையிலேயே நாசமாகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதும் முடிந்தது என்று ஒருவர் நம்பிவிடுவார்.

கட்டளைகளில் ஒற்றைச் சொல்லே வேண்டுமென்றால் ‘துடைத்துவிடுவி’ என்று சேர்த்தெழுதலாம். ‘துடைவிடுவிப்பு’ என்று சுருக்க வேண்டாம்; ‘த்து’ போனால் வரிசையும் போய்விடும்.