ரேண்டம் வாக்: பாதி நேரம் பாதி பக்கம் வரவில்லையே, நிரலில் கோளாறா?

கேள்வி (எம்.எஸ்சி. கணிதம், மதுரை):
வைகைத் தென்கரையில் ஒருவர் நிற்கிறார். காசைச் சுண்டி, தலை விழுந்தால் கிழக்கே தெப்பக்குளம் பக்கம் ஓரடி, பூ விழுந்தால் மேற்கே ஆரப்பாளையம் பக்கம் ஓரடி. இப்படி 10,000 அடி. இதுதான் ரேண்டம் வாக் (தற்செயல் நடை). இதைப் பைத்தானில் ஓட்டி, எத்தனை பங்கு நேரம் கிழக்கே இருந்தார் என்று பல நடைகளுக்கு ஹிஸ்டோகிராம் (எந்தப் பங்கில் எத்தனை நடை என்று காட்டும் பட்டை வரைபடம்) போட்டேன். 0.5-இல் குவியும் என்று பார்த்தால் நடுவில் பள்ளம், இரு முனையிலும் மேடு! ரேண்டம் எண்களே சரியில்லையா? சீடு (ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்) மாற்றினாலும் அதே கதைதான்.

பதில் 1:
நிரல் சரி தம்பி. இது பிரெஞ்சுக் கணிதவியலாளர் பால் லெவி 1939-இல் தந்த ஆர்க்சைன் விதி (ஆர்க்சைன் என்பது சைனின் தலைகீழ்ச் சார்பு). கிழக்கே இருந்த நேரத்தின் பங்கு x-க்குள் இருக்கும் நிகழ்தகவு (2/π) ஆர்க்சைன் √x. x = 0.1 போட்டால் 0.205. அதாவது ஐந்தில் ஒரு நடை பத்தில் ஒரு பங்கு நேரம்கூட கிழக்கே இருக்காது. மேற்குக்கும் அதே கணக்கு. 0.45-க்கும் 0.55-க்கும் நடுவில் விழுவது 6 சதவீதம் சொச்சம்தான்.

கணினியே வேண்டாம், நாலு அடிக்குக் கையாலேயே எழுதிப் பாருங்கள். 16 பாதைகள். கிழக்கே 0, 2, 4 அடி இருந்தவை முறையே 6, 4, 6. பள்ளம் அங்கேயே தெரியும்.

கேட்டவர்:
எழுதிப் பார்த்தேன், 6, 4, 6 வருகிறது. ஆனால் பெரும் எண்கள் விதி (பலமுறை செய்தால் சராசரி எதிர்பார்த்த மதிப்பை நெருங்கும் என்பது) என்ன ஆயிற்று? மைய எல்லைத் தேற்றம் (சாராத பலவற்றின் கூட்டுத்தொகை மணி வடிவில் பரவும் என்பது)?

பதில் 1:
இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. அடிகள் ஒன்றையொன்று சாராதவை. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அப்படியல்ல. 300 அடி கிழக்கே போனவர் பூஜ்யத்துக்கு, அதாவது தொடங்கிய இடத்துக்கு, திரும்பவே வெகுநேரம் ஆகும், அதுவரை எல்லாம் கிழக்குக் கணக்கில்தான் ஏறும். 10,000 அடியில் பூஜ்யத்துக்குத் திரும்புவது சராசரியாகச் சுமார் 80 தடவை மட்டுமே. கடைசி அடியில் எங்கே நிற்கிறார் என்பதைத் தனியாக ஹிஸ்டோகிராம் போடுங்கள்: மணி வடிவம், திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து பரவும் அளவு) 100. அதுதான் மைய எல்லைத் தேற்றம்.

பதில் 2:
ஒரு சின்ன விஷயம். பூஜ்யத்தில் நிற்கும் நொடிகளை விட்டுவிடாதீர்கள். முந்தைய அடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சேருங்கள். அப்போதுதான் 6, 4, 6 சரியாக வரும். பெரிய நடையில் இதனால் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள்தான்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. காசு கொஞ்சம் கோணலாக, தலைக்கு 0.51 என்று வைத்தால்?

பதில் 1:
அப்போது ஆர்க்சைன் கிடையாது. அடிக்கு 0.02 வீதம் இழுத்துக்கொண்டே போகும். 10,000 அடியில் நடுப்புள்ளி 200-க்கு நகர்ந்துவிடும். அடிகளைக் கூட்டக் கூட்டப் பங்கு 1-ஐ நோக்கிப் போகும்.