கைப்பையில் அடங்கும் நீர்வர்ணப் பெட்டி: கொழும்பு ஈரத்துக்கு எப்படி அமைப்பது?

தூறல்:

வணக்கம். கைப்பையில் எந்நேரமும் கிடக்கக்கூடிய சின்ன நீர்வர்ணப் பெட்டி ஒன்று அமைக்கப் பார்க்கிறேன். வேலை கொம்பனித்தெருவில். ஐந்தரைக்குப் பிறகு பேர வாவி ஓரத்திலோ காலி முகத்திடலிலோ வெளிச்சம் போவதற்குள் அரை மணித்தியாலம் கிடைக்கும். அதற்குள் விரித்து, வரைந்து, மூடி, பஸ் ஏற வேண்டும். உட்கார இடம் இல்லாவிட்டால் நின்றபடியே வரைய முடியவேண்டும்.

கையில் 5 மி.லீ. ரியூப்கள் பன்னிரண்டு இருக்கின்றன. இரண்டு கம்பனிகளுடையவை, ஒரு கம்பனியுடையது தேன் சேர்த்தது. வர்ணம் நிரப்பும் சின்னப் பிளாஸ்ரிக் கிண்ணங்களான வெற்று ஹாஃப் பான்களும், மின்ட் இனிப்பு வந்த தகரப் பெட்டி ஒன்றும் உண்டு.

முதல் பிரச்சினை: ரியூப் வர்ணத்தைப் பானில் நிரப்பினால் வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கிறது. பெட்டியை மூடி வைத்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் ஒரே இரவில் காய்ந்துவிடுகிறதே, ஏன்? இரண்டாவது, எத்தனை நிறம் போதும்? மூன்றாவது, தண்ணீர் நிரப்பும் வோட்டர் பிறஷ் வாங்குவதா, சாதாரண தூரிகையா?

நிறப்பெட்டி:

பிசுபிசுப்பிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்யலாம், இது பிழைத்தால் பெட்டியே வீண்.

நீர்வர்ணத்தில் நிறப்பொடி, அரபுப் பசை, ஈரம் பிடித்துவைக்கும் கிளிசரீன் அல்லது தேன், கெடாமல் காக்கும் மருந்து, இவைதான் இருக்கின்றன. கிளிசரீனும் தேனும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரப்பதன் குறைந்த ஊரில் அது வர்ணம் வெடிக்காமல் காக்கும். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், வர்ணம் ஈரத்தை மெல்லத்தான் விடும், காற்றிலிருந்து திரும்பவும் உறிஞ்சும். அரபுப் பசை பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. ஈரமும் உணவும் இருக்க, மூடியையும் அடைத்தால் அது வளராமல் என்ன செய்யும்?

ஆகவே தேன் சேர்த்த வர்ணங்களைப் பானில் நிரப்பவே வேண்டாம். அவற்றை ரியூபிலேயே விட்டு, வீட்டு மேசையில் பாவியுங்கள். மற்றக் கம்பனியுடையதை மட்டும் பெட்டிக்கு எடுங்கள்.

ஹாஃப் பான் ஒன்று விளிம்புவரை ஏறத்தாழ 2 மி.லீ. கொள்ளும். 5 மி.லீ. ரியூபில் இரண்டு பான் நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். பிறகு அது மெல்லச் சுருங்கும்போது ஓரத்தை விட்டுப் பிரிந்து, நடுவில் வெடித்து, ஒருநாள் கட்டியாகக் கழன்று விழும். மூன்று படையாக நிரப்புங்கள். முதல் படையை மூலைகளுக்குள் அழுத்தி, பல்லுக்குத்தும் குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழை எடுத்து, பானை மேசையில் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். இரண்டு நாள் காயவிட்டு அடுத்த படை. மழைக் காலத்தில் நான்கு நாள் பிடிக்கலாம், அவசரப்படாதீர்கள். கடைசிப் படையின் நடுவைச் சற்றுக் குழிவாக விட்டால் தூரிகை நுனி சிதையாது, தண்ணீரும் அங்கேயே தங்கும்.

காயவைக்கும் இடம் முக்கியம். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் சட்டென்று இறுகி வெடிக்கும். குசினிக்குள் நீராவி. ஏசி போட்ட அறைதான் சிறந்தது, ஏசி காற்றின் ஈரத்தை வடித்துவிடும். அது இல்லாவிட்டால் மின்விசிறிக்கு நேரே, தூசு விழாமல் மெல்லிய வலைத்துணி மூடி.

முதல் படையில் கராம்பு எண்ணெய் சேர்த்தால் பூஞ்சணம் வெகுவாகக் குறையும். பல்வலிக்குப் பூசும் அதே எண்ணெய், பாமசியில் கிடைக்கும். குச்சி நுனியில் தொட்டது ஒரு பானுக்குப் போதும். கூடினால் எண்ணெய் மேலே மிதந்து, கடதாசியில் வர்ணம் திட்டுத்திட்டாக விலகும்.

ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த பான்களைக் கொட்ட வேண்டியதில்லை. மேற்படையைச் சுரண்டி எடுத்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, திறந்தபடி காயவிடுங்கள். வேர் உள்ளே இறங்கி வாடை வந்தால் மட்டும் எறியுங்கள்.

வரைந்து முடித்து வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து இரவு முழுக்க விடுவது பழக்கமாகட்டும். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் மூடியிருப்பதால் ஒன்றும் ஆகாது. மூடியபடி இரண்டு நாள் மறந்துவிடுவதுதான் கேடு.

கடலோரம்:

நிறப்பெட்டி சொன்னதோட நான் தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்லுறன்.

மின்ட் ரின் பெரும்பாலும் 95க்கு 60 மி.மீ. அளவில இருக்கும். ஹாஃப் பான் ஒண்டு ஏறத்தாழ 19க்கு 16. 19 பக்கத்தை ரின்னின்ர அகலத்தோட வைச்சு இரண்டு வரிசை அடுக்கினால், வரிசைக்கு அஞ்சு, மொத்தம் பத்துப் பான் வரும். பக்கத்தில ஏறத்தாழ 20 மி.மீ. அளவு ஒரு நீள இடைவெளி மிஞ்சும். அதுக்குள்ள கட்டைத் தூரிகையும் மடிச்ச துணித் துண்டும் அடங்கும். பன்னிரண்டையும் திணிக்காதேங்கோ, அந்த இடைவெளி வேணும்.

பானுக்கு அடியில ஒட்ட, விளம்பரத்துக்குக் குடுக்கிற ஃபிரிட்ஜ் மக்னட் தகட்டைக் கத்தரிக்கோலால வெட்டி எடுங்கோ. வெட்ட முதல் பெட்டியில ஒரு மக்னட்டைப் பிடிச்சுப் பாருங்கோ. அலுமினியப் பெட்டியில பிடிக்காது, அப்ப புளூ டாக் எண்ட ஒட்டுக் களிதான்.

மூடியின்ர உள்பக்கம்தான் கலவைத் தட்டு. வெறும் தகரத்தில வர்ணம் முத்து முத்தா உருளும், நிறமும் சரியாத் தெரியாது. வெள்ளை எனாமல் ஸ்பிறே மெல்லிசா மூண்டு பூச்சு அடியுங்கோ. தடிப்பா ஒரே பூச்சு அடிச்சால் வழியும், உள்ளே இளகலாவே கிடக்கும். மழை பெய்யிற நாளில அடிக்க வேண்டாம். கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு நாள் விட்டு, 1000 இலக்க அரத்தாளைத் தண்ணியில நனைச்சு மெதுவாத் தேயுங்கோ. பளபளப்புப் போனால்தான் வர்ணம் பரவி நிக்கும்.

காலி முகத்திடல் எண்டால் உப்புக் காத்து. பிணைச்சல்லயும் கீறல் விழுந்த இடத்திலயும் துரு தொடங்கும், துருத் தண்ணி மஞ்சளையும் றோசையும் மண்ணாக்கிப் போடும். கீறல் கண்ட உடன நிறமில்லாத நகப்பூச்சு ஒரு தொட்டுத் தடவுங்கோ. கிழமைக்கு நாலு நாள் கடற்கரையில வரையிற ஆளெண்டால், என்ர எண்ணம், தகரத்தை விட்டிட்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குப் போறதுதான் நல்லது. வடிவு குறைவு, ஆனால் துரு இல்லை.

செம்மண்:

நிறம் எட்டுப் போதும். பத்துக்கு இடம் இருந்தால் மிச்சம் இரண்டில் அதிகம் செலவாகும் நீலத்தையும் பழுப்பையும் இரண்டாம் தடவை வையுங்கள்.

ரியூபின் பின்பக்கம் நிறப்பொடிக் குறியீடு இருக்கும், பெயரை விட்டு அதைப் படியுங்கள். எலுமிச்சை மஞ்சள் (பிவை 3, ரியூபில் PY3 என்றிருக்கும்), மஞ்சள் காவி (பிவை 42 அல்லது 43), பைரோல் சிவப்பு (பிஆர் 254), குவினாகிரிடோன் றோஸ் (பிவி 19), அல்ட்ராமரீன் (பிபி 29), தேலோ நீலம் (பிபி 15:3), பேர்ன்ட் சியன்னா (பிபிஆர் 7). எட்டாவது உங்கள் விருப்பம். அலிசரின் கிறிம்சன் என்ற பெயரில் பிஆர் 83 இருந்தால் தவிருங்கள், வெளிச்சத்தில் மங்கிவிடும். பளிச்சென்ற ஒபரா றோசும் அப்படித்தான்.

கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீனும் பேர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் மழை முகில் சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை எல்லாம் வரும். பச்சையும் வாங்க வேண்டியதில்லை. தேலோ நீலமும் எலுமிச்சை மஞ்சளும் சேர்ந்த பச்சை அப்படியே போட்டால் பிளாஸ்ரிக் மாதிரி இருக்கும், அதில் பேர்ன்ட் சியன்னா ஒரு துளி சேர்ந்தால்தான் தென்னோலையாகும். தேலோ நீலத்துக்குச் சக்தி அதிகம், தூரிகை நுனியால் மட்டும் தொடுங்கள்.

வெள்ளையும் தேவையில்லை. புறக்கோட்டையில் 1909 இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளை வரிகள் எல்லாம் கடதாசியின் வெள்ளைதான். முதலில் அல்ட்ராமரீன்–சியன்னா சாம்பலால் சுவரில் நிழல் விழும் இடங்களை மட்டும் போட்டுக் காயவிட்டு, பிறகு சிவப்பு வரிகளை மேலே வையுங்கள். மாறிச் செய்தால், நிழல் போடும்போது சிவப்பு கரைந்து வெள்ளைக்குள் ஓடும்.

ஈரத்தூரிகை:

வோட்டர் பிறஷ் பற்றி. நின்றபடி வரைய அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரே தூரிகையாக நம்பாதீர்கள். அழுத்தாமலே தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். கடும் நிறம் தேவையான இடத்திலும் நீர்த்த நிறமே வரும், காய்ந்ததும் படம் வெளிறிக் கிடக்கும். அகலமான வானத்தை அதால் போட்டால் வரி வரியாக நிற்கும். இங்கே இன்னொரு கவலை, உள்ளே தண்ணீரை நாட்கணக்கில் விட்டால் வழுவழுப்புப் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

8ஆம் இலக்க உருண்டைத் தூரிகை ஒன்று, சிந்தெற்றிக் மயிர், நுனி கூராக நிற்பது. அதுவே வானத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் போதும். பெட்டிக்கு அளவாகக் காம்பை வாளால் அறுத்து, அரத்தாளால் தேய்த்து, வெட்டுவாயில் நகப்பூச்சு இரண்டு தடவை பூசுங்கள். பூசாவிட்டால் மரம் தண்ணீர் குடித்து ஊதி, மயிரைப் பிடித்திருக்கும் தகரக் குழாய் ஆடத் தொடங்கும். நுனிக்கு மூடி போடுவதென்றால் அதில் ஓட்டை இருக்கட்டும். ஈரத் தூரிகையை அடைத்து வைத்தால் மயிரடியில் பூஞ்சணம்.

தண்ணீருக்கு, இருமல் மருந்துச் சிரப் போத்தலும் அதோடு வரும் அளவுக் கோப்பைகள் இரண்டும் போதும். ஒரு கோப்பை கழுவ, மற்றது சுத்தத் தண்ணீர். ஒரு படத்துக்கு 40 மி.லீ. தாராளம். சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள், சிரப் இனிப்பு மிஞ்சினால் எறும்பு வரும். கோப்பையை வர்ணப் பெட்டி மூடியின் ஓரத்தில் புளூ டாக் வைத்து ஒட்டினால் நின்றபடியும் வரையலாம்.

துணிக்குப் பழைய பருத்திச் சட்டைத் துண்டு. ரிஷூவை விட நன்றாக உறிஞ்சும், காற்றில் பறக்காது.

தூறல்:

எல்லோருக்கும் நன்றி. தேன் வர்ணத்தைப் பிரித்து வைத்துவிட்டேன். கடதாசி பற்றி ஒரு கேள்வி. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 300 கிராம்) பருத்திக் கடதாசியில் சில இடங்களில் மட்டும் வர்ணம் உடனே உள்ளே இறங்கி, கருமையான புள்ளிகளாகத் தெரிகிறது. வர்ணத்தின் பிழையா?

மடிதாள்:

கடதாசியின் பிழை, அதாவது அதை வைத்திருந்த இடத்தின் பிழை. நீர்வர்ணக் கடதாசியில் ஜெலற்றின் போன்ற பசைப் பூச்சு இருக்கிறது. அதுதான் வர்ணத்தை மேற்பரப்பில் கொஞ்ச நேரம் நிறுத்துகிறது. ஈரமான அலுமாரியில் கிடந்தால் அந்தப் பூச்சு இடத்துக்கு இடம் கெட்டுவிடும். மூலையில் ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். திரண்டு நின்றால் நல்லது. உடனே கறுத்து உறிஞ்சினால் அந்தத் தாள் நீர்வர்ணத்துக்கு முடிந்தது, பேனாப் படத்துக்கு வையுங்கள்.

முழுத் தாள் 56க்கு 76 செ.மீ. இரண்டு பக்கமும் நான்காகப் பிரித்தால் 14க்கு 19 அளவில் பதினாறு துண்டு வரும், கைப்பைக்கு அதுவே சரியான அளவு. தனித்தாளாக வாங்கி வெட்டுவது சின்னப் புத்தகங்களைவிடச் செலவு குறைவு. நான்கு துண்டை மட்டும் ஸிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மிச்சத்தை வேறொரு ஸிப் பையில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு காற்றில்லாமல் அடைத்து வையுங்கள். பொட்டலங்களை அடிக்கடி மாற்ற வேண்டும், ஈரம் குடித்து நிரம்பினால் பிறகு பயனில்லை.

பலகைக்கு, விளம்பரப் பலகை செய்யும் நெளிவுப் பிளாஸ்ரிக் தகட்டில் 16க்கு 21 அளவில் இரண்டு துண்டு வெட்டி, நெளிவுகள் குறுக்குமறுக்காக இருக்கும்படி ஒட்டுங்கள். வளையாது, பாரமும் இல்லை. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு தாளைக் கிளிப்பால் பொருத்துங்கள். மழைக்கால மாலையில் ஒரு பூச்சுக் காய இருபது நிமிடம்கூட ஆகும். அந்த நேரத்தில் பலகையைத் திருப்பி மற்றத் தாளில் வேலை செய்யலாம். பேனாவால் கோடு போட்டுப் பிறகு வர்ணம் போடுவதென்றாலும் இதே வழி: நீர்புகாத மை என்று எழுதியிருந்தாலும், ஈரமான நாளில் ஐந்து நிமிடம் காயவிடாமல் தண்ணீர் தொட்டால் கோடு கலங்கும்.