கொழும்பு–மட்டக்களப்பு சின்ன விமானத்தில் வந்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடியிலிருந்து ஒருவர்:

அம்மாவுக்குக் கொழும்பில் இதய ஆபரேசன் நடந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: "எட்டு, ஒன்பது மணித்தியாலம் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோகாதீங்க." நமக்கு ரயிலென்றாலும் பஸ்ஸென்றாலும் அதுதானே கணக்கு! விமானத்தில் போகலாமா என்று கேட்டோம், சரி என்றார். அண்ணனும் நானும் காசு சேர்த்து டிக்கட் எடுத்தோம். பஸ் காசின் எத்தனை மடங்கு என்று அம்மாவிடம் இன்றைக்கும் சொல்லவில்லை.

அது ஒற்றை எஞ்சின் செஸ்னா காரவன். ஏறுவதற்கு முன் பையை மட்டுமல்ல, எங்களையும் நிறுத்துப் பார்த்தார்கள். பின்கதவில் ஒடுங்கிய படி. அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சுவிட்டுத்தான் ஏறினார். ஒரு மணித்தியாலம் சொச்சம், அவ்வளவுதான். வாவி தெரிந்தது, கல்லடிப் பாலம் தெரிந்தது, விமான நிலையம் இருக்கும் திமிலைதீவில் இறங்கிவிட்டோம். அரை மணித்தியாலத்தில் அம்மா தன் கட்டிலில் படுத்திருந்தார்.

விமானத்தில் மற்றவர்கள் எல்லோரும் பாசிக்குடாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள். அம்மா என் காதுக்குள் கேட்டார்: "மனே, நம்மட ஊருக்குப் போற பிளேன்ல நம்மட ஆக்கள் ஒருத்தரையும் காணல்லியே?"

எனக்கு அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த விமான நிலையம் 1958இல் திறந்தது. அந்தக்கால அரச விமானக் கம்பனி எயார் சிலோனின் டகோட்டா விமானம் வந்துபோன காலத்தை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1983இல் விமானப்படை பொறுப்பெடுத்தது. இப்போது மறுபடியும் பயணிகள் விமானம் வருகிறது, ஆனால் வருத்தக்காரருக்குக் கைக்கெட்டாத விலையில்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்:

அம்பாறைப் பக்கமும் இதே கதைதான் சகோதரரே. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டக் காலத்தில் எயார் சிலோன் கல்லோயாவுக்கும் பறந்தது. வாப்பா அதில் ஒரு தரம் போனதைப் பெருநாள் கதை போலச் சொல்வார். நான் உம்மாவை ஸ்கேனுக்குக் கொழும்புக்குக் கொண்டுபோனது இரவு பஸ்ஸில். விடிய நாலு மணிக்கு இறங்கி, ஆஸ்பத்திரி திறக்கும்வரை வாசலில் பாய் விரித்து இருந்தோம்.

மொன்டானாவில் இருக்கும் மட்டக்களப்பார்:

நான் இருப்பது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் சிட்னி என்ற சின்ன ஊர். சுற்றிவர வயலும் எண்ணெய்க் கிணறும்தான். இங்கிருந்து பில்லிங்ஸ் நகரத்துக்கு ஒன்பது பேர் ஏறும் விமானம் ஓடுகிறது. எங்களையும் நிறை கேட்டுத்தான் இருத்துவார்கள். முதல் தரம் போனபோது பக்கத்தில் இருந்த வயதான அம்மா பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போவதாகச் சொன்னார். பின்னால் இருந்தவரும் ஆஸ்பத்திரிக்குத்தான்.

டிக்கட் காசால் மட்டும் இந்த விமானம் ஓடவில்லை. 1978இல் இங்கே விமானக் கம்பனிகள் விரும்பிய இடத்துக்குப் பறக்கலாம் என்று சட்டம் மாறியது. இலாபமில்லாத சின்ன ஊர்களைக் கைவிட்டுவிடுவார்கள் என்று பயந்து, பத்து வருடத்துக்கென்று ஒரு மானியத் திட்டம் வைத்தார்கள். அது முடியாமல் நீண்டு, 1996இல் நிரந்தரமானது. கம்பனிகள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லும், அரசு ஒன்றைத் தெரிவுசெய்து ஒப்பந்தம் போடும், குறையும் காசை அரசு கட்டும். வீண்செலவு என்று சண்டையும் ஓயவில்லை. பெரிய விமான நிலையத்துக்கு 210 மைலுக்குள் இருக்கும் ஊருக்கு ஒரு பயணிக்கு 200 டொலருக்கு மேல் மானியம் போகக்கூடாது என்று வரம்பே வைத்தார்கள். நானும் முதலில் வீண் என்றுதான் நினைத்தேன். மறுகா அந்த அம்மாவோடு திரும்பி வரும்போது மனம் மாறிவிட்டது.

காத்தான்குடியிலிருந்து ஒருவர்:

நான் சென்னையிலிருந்து சேலத்துக்கு உடான் திட்ட விமானத்தில் போயிருக்கிறேன். உடான் என்பது சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட இந்திய அரசு மானியம் கொடுக்கும் திட்டம். ஒரு மணித்தியாலப் பறப்புக்கு 2,500 இந்திய ரூபாய் என்று உச்சம் வைத்துத்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள், அதுவும் விமானத்தில் ஏறக்குறைய பாதி ஆசனங்களுக்கு மட்டும். ஆனால் மானியம் மூன்று வருடத்துக்குத்தான். சேலம் சேவை இடையில் நின்று, 2023 ஒக்டோபரில்தான் திரும்பத் தொடங்கியது. நம்மட ஊருக்கும் அரசிடம் மானியம் கேட்கிறதென்றால், தொடங்கினதை நிற்காமல் நடத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கல்லடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. முழு விமானத்தையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பறப்பிலும் இரண்டு சீட், ஆஸ்பத்திரிக் கடிதம் காட்டுகிறவருக்கு ரயில் முதலாம் வகுப்பு விலையில் கிடைத்தால் போதும். மிச்சத்தை அரசு கொடுக்கட்டும். மாவட்டச் செயலகத்துக்கு இப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன், வாப்பாவின் கல்லோயாக் கதையையும் சேர்க்கலாமா சகோதரரே?

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் வருகிறது. இந்தத் தரம் இரவு ரயில்தான், இருவருக்கும் சீட் போட்டாச்சு.