போட்டிக் காலம் வந்ததும் குதிக்கும் உயரம் குறைகிறது

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாலிபால் பயிற்சி கொடுக்கிறேன். பன்னிரண்டு பையன்கள், வயது 14 முதல் 16. விரலில் சாக்பீஸ் தூளைத் தடவி, நின்ற இடத்திலிருந்து குதித்துச் சுவரைத் தொடவைத்து அளப்பேன். நின்று தொடும் உயரத்தைக் கழித்தால் ஜூனில் சராசரி 46 செ.மீ., செப்டம்பரில் 50. மாவட்டப் போட்டிகள் முடிந்த நவம்பரில் 44! பழைய தடத்துக்குக் கீழே புதிய தடம் விழுந்ததைக் கண்டு பையன்களுக்கே முகம் வாடிவிட்டது.

மூன்று பேர் இடையில் வளர்ந்திருக்கிறார்கள். நின்று தொடும் உயரத்தை மீண்டும் அளந்துவிட்டேன், கணக்கில் பிழையில்லை. இருவருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. மருத்துவரிடம் அனுப்பிவிட்டேன், சராசரியிலும் அவர்களைச் சேர்க்கவில்லை.

ஒரு வாரம் முழு ஓய்வு கொடுத்தேன். பிறகு ஸ்கிப்பிங், கடற்கரை மணலில் ஓட்டம். பலனில்லை. என் தவறு ஒன்றும் உண்டு: போட்டி தொடங்கியதும் நேரமில்லை என்று, மணல் மூட்டை சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சியை அடியோடு நிறுத்திவிட்டேன். தினமும் இரண்டு மணி நேரம் ஸ்பைக் (குதித்துப் பந்தை எதிரணிப் பக்கம் ஓங்கி அடிப்பது) மட்டும்தான்.

ஜனவரியில் அடுத்த போட்டி. வாரத்தில் இரண்டு நாள் மூட்டைப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தால், ஸ்பைக் நேரத்தை எவ்வளவு குறைக்க வேண்டும்?