அப்பா சொல்லும் கதை ஒன்று, பெரியப்பா சொல்லும் கதை இன்னொன்று. எதை எழுதி வைப்பது?

லயத்துப்பையன் (ஹட்டன்):
பிள்ளைகளுக்காகக் குடும்பக் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தாத்தாவின் பாட்டனைத் தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு, ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர், தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக் கூட்டி வந்தாராம், மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்களாம், இது அப்பா சொல்வது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் நீலகிரியின் கோத்தகிரிக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பெரியப்பாவோ, நம்மவர் யாரிடமும் ஏமாறவில்லை, பஞ்சத்தில் தாங்களாகவே கிளம்பியவர்கள் என்று வட்ஸ்அப்பில் சண்டைக்கு வருகிறார். இரண்டு பேரும் ஒரே லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் அறையில்) ஒரே தாத்தாவிடம் கேட்டவர்கள்தானே?

கண்டிக்காரன்:
இரண்டுமே நடந்திருக்கும். 1876-78 பஞ்சத்தில் ஊரே பட்டினி கிடந்தபோது கங்காணிக்கு ஆள் சேர்ப்பது சுலபம். ஆனால் நடந்து வந்த தலைமுறை என்றால் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கருகே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டதே 1867இல்தான், இலை நோயில் கோப்பி அழிந்த பிறகுதான் அது மலையெல்லாம் பரவியது. பிறகு வந்தவர்களின் தேங்காயும் மாசியும் உங்கள் பாட்டன் கதையில் வந்து ஒட்டியிருக்கலாம். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் பேசுவது நம் வீட்டிலும் கேட்கும், கதையும் அப்படித்தான்.

நீலகிரி அக்கா:
தம்பி, உங்கள் பெரியப்பாவை எனக்குப் புரிகிறது. 1964 ஒப்பந்தத்தில் பெயர் வந்து எங்களையும் தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன், இங்கே இறங்கியதும் சிலோன்காரன். ஏமாந்து போனவன் பேரன், திருப்பி அனுப்பப்பட்டவன் மகன் என்று இரண்டையும் பிள்ளையிடம் சொல்ல எந்த அப்பனுக்கு மனசு வரும்? அங்கேயே தங்கிய உங்கள் அப்பாவுக்கு வேறு தேவை, 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தவர்களிடம் 'நாங்களாக வரவில்லை, நீங்கள்தான் கொண்டு வந்தீர்கள்' என்று சொல்லியாக வேண்டும். என் அப்பா, கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமைப் பற்றி வாயே திறந்ததில்லை, மஸ்கெலியாவில் மன்மதன்-ரதி கதை ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியதை மட்டும் விடிய விடியச் சொல்வார், மீசையை எடுக்க அம்மா விடாமல் அழுதது உட்பட. அதையும் கேட்டு எழுதுங்கள்.

கொழும்புவாசி:
எந்த ஊர் என்று கேட்டால் நுவரெலியா என்பதோடு நிறுத்திக்கொள்வேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி அப்பாவுக்கு என்ன வேலை என்பதுதான். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டானதை நினைத்து 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதைப் பார்த்துவிட்டு என் தங்கை பேஸ்புக்கில் தோட்டத்துப் பெயரையும் போட்டுவிட்டாள். நான் இன்னும் போடவில்லை.

லயத்துப்பையன்:
சரி, யார் சொன்னது என்று குறித்து இரண்டையும் எழுதுகிறேன். பெரியப்பாவிடம் கூத்தைப் பற்றிக் கேட்டுவிடலாம். கோப்பி விஷயத்தை அப்பாவிடம் யார் சொல்வது?