பிரட்டுக்களத்தில் நம் கலைஞர்களுக்கு ஒரு மாலை

அன்புள்ள ஊரவர்களுக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த கலைஞர் பாராட்டு விழாவைப் பற்றி விரிவாக எழுதும்படி ரொறன்ரோவிலிருந்தும் டோகாவிலிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். காணொளியில் தப்பு மேளத்தின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் ஆட்களின் முகம் ஒன்றும் தெரியவில்லை என்று கோத்தகிரிப் பெரியப்பா குறைப்பட்டிருந்தார். அன்றைய இருட்டும் பனியும் அப்படி இருந்தன. ஆகவே கண்ணால் கண்டதை எழுத்தில் தருகிறேன். அடுத்த முறை இதை எப்படி நடத்த வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாசிகசாலை மண்டபத்தில் விழா நடக்கும் என்றுதான் அழைப்பிதழில் அச்சிட்டிருந்தோம். பிற்பகல் நான்கு மணிக்குத் தப்புக் குழுவினர் வந்து இறங்கியதும் முதலில் கேட்டது வைக்கோலும் தீப்பெட்டியும். தப்பின் தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றாமல் அடிக்க முடியாது. அதிலும் மார்கழிப் பனி இறங்கும் நேரத்தில் ஏற்றிய முறுக்கு வெகு விரைவில் தளர்ந்து ஓசை மந்தமாகிவிடும் என்பதால், அடிக்கும் இடத்துக்கு அருகிலேயே தீ இருந்தாக வேண்டும். மண்டபப் பொறுப்பாளரோ வளவுக்குள் தீ மூட்ட அனுமதிக்க முடியாது என்றார். பழைய மரக்கூரையைப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நகரத்துக்குப் போய்ச் செயற்கைத் தோல் போட்ட தப்புகளை இரவல் வாங்கி வரலாம் என்று தம்பிமார் சிலர் கூறினார்கள். கூத்து வாத்தியார் அதை ஏற்கவில்லை. தீ உள்ளே வர முடியாவிட்டால் சபை வெளியே வரட்டும் என்றார். அதோடு பேச்சு முடிந்தது. கதிரைகளைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும், வேலைக்குப் போகுமுன் தொழிலாளரைக் கூட்டிக் கணக்கெடுத்த பழைய பிரட்டுக்களத்துக்கு இறங்கினோம்.

அந்தக் களம் இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் இடம். விடியுமுன் தப்படித்துப் பிரட்டுக்கு ஆள் அழைத்த காலத்தை நம்மில் பலர் தாத்தாமார் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அந்த அடியை ஒரு தடவை காட்ட முடியுமா என்று பாடசாலை ஆசிரியை ஒருவர் மூத்த தப்புக் கலைஞரிடம் கேட்டார். அவர் சற்று நேரம் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு தடவை அடித்துக் காட்டினார். அதை அன்றாடம் அடித்தவர் தம் தகப்பனார் என்றும், அவருக்கு முன் அவருடைய தகப்பனார் என்றும் சொன்னார். இன்று அழைப்பது வேலைக்கு அல்ல என்பதால் விழாவை வேறு அடியில் தொடங்குவதாகச் சொல்லிவிட்டு, கலியாண வீட்டு அடியில் தொடங்கினார். ஒரு கையில் கனமான அடிகுச்சியும் மறு கையில் ஈர்க்குப் போல மெலிந்த சுண்டுகுச்சியுமாக ஐந்து பேர் அடிக்க, உறுமிக்காரர் வளைகுச்சியால் தோலைத் தேய்த்து அந்த ஆழமான முனகலை எழுப்ப, மேல் லயம், கீழ் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அழைப்பிதழ் கிடைக்காதவர்கள்கூட வந்தார்கள்.

பாராட்டப்பட்டவர்கள் பதினொரு பேர். எல்லோரைப் பற்றியும் எழுதினால் மடல் நீண்டுவிடும். அவர்களுடைய விவரங்களைச் செயலாளர் தனியாக அனுப்புவார். என் மனத்தில் நின்ற மூவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலாமவர் கூத்து வாத்தியார். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, பௌர்ணமி வரை இரவிரவாகப் பாடி, கடைசி இரவில் ரதியையும் மன்மதனையும் லயம் லயமாக அழைத்துச் சென்று, சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் எரியும்வரை விடிய விடிய ஆடும் காமன் கூத்தை இந்தத் தோட்டத்தில் விடாமல் காத்து வந்தவர் அவர். ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொரு வேடமும் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமையாகவும் பொறுப்பாகவும் இருந்து வந்ததால், ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் ஒரு வேடமே போய்விடும். 1964ஆம் ஆண்டு இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் நம்மவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அந்தக் கணக்கில் நம் கூத்தின் ரதியும் போனார். கண்டியிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு நம்மவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்ததை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கோச்சியில் ரதியை ஏற்றிவிட்டு வந்த மாசியில் கூத்து நடக்கவில்லை என்று வாத்தியார் அன்று மேடையில் கூறினார். அடுத்த ஆண்டு அவரே சேலை கட்டி ரதியாக நின்றிருக்கிறார். மன்மதன் வேடத்துக்கு உரியவர் மூன்று ஆண்டு ரதியாக ஆடிய செய்தி எனக்குப் புதியது. தமக்குப் பொன்னாடை போர்த்த வந்தபோது, முதல் பொன்னாடை ரதிக்கு என்று சொல்லி ஒன்றை மடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். பெரியப்பா, அது உங்களுடையது.

இரண்டாமவர் கீழ் லயத்து அம்மாயி. காமன் கூத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே ஆடி வந்ததால், நம் ஊரில் கலைஞர் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆண்களின் முகமே நினைவுக்கு வருகிறது. ஆனால் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே தெம்மாங்கு பாடியவர்களும், தொட்டிலடியில் தாலாட்டுக் கட்டியவர்களும், சாவு வீட்டில் ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் ஒப்பாரியாக நிறுத்தியவர்களும் பெண்கள்தான். அவர்களை மேடையேற்ற வேண்டும் என்று குழுவில் முதலில் சொன்னவர் இலண்டனிலிருக்கும் அக்கா; அவருக்கு நன்றி. அம்மாயியின் பெயர் பெற்ற ஒப்பாரியில் நான்கு அடிகள் பாடும்படி தொகுப்பாளர் கேட்டுவிட்டார். அது தவறு. நல்ல காரியத்தில் ஒப்பாரி பாடமாட்டேன் என்று அவர் உறுதியாக மறுத்தார், மறுத்ததே சரி. ஒப்பாரி அழுகிற நேரத்துக்கு உரியது, கேட்டவுடன் எடுத்து வைக்கும் உருப்படி அன்று. அதற்குப் பதிலாகத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த காலத்தில் தாமே கட்டிய தாலாட்டைப் பாடினார். தாய்மார் மலைக்குப் போன பின் அழுத பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கட்டிய பாட்டு அது. நடுவில் மழை வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் ஓர் அடி இருக்கிறது. அந்தக் காம்பராவில் அவர் கையில் தூங்கிய மூன்று பேர் பார்வையாளர்களிடையே இருந்தார்கள், அவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாமவர் ஓவியம் படித்த தங்கை. யாழ்ப்பாணத்தில் நுண்கலை கற்றுத் திரும்பியிருக்கிறார். கூத்துக்காரர்களோடு படம் வரைகிறவரை ஏன் சேர்த்தீர்கள் என்று இந்த மடல் குழுவிலேயே இரண்டு மடல்கள் வந்தன. எழுதியவர்கள் மூத்தவர்கள் என்பதால் மரியாதையோடு பதில் கூறுகிறேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக் கிழிந்துபோன படங்கு என்னும் முரட்டுத் துணிகளைச் சேகரித்து, அவற்றின் மேல் தேயிலைச் சாயத்தால் வரைகிறார் அவர். சாயம் தனியே இருந்தால் பழுப்பு. தகரக் கூரையிலிருந்து பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளை அதில் ஊறவைத்தால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகின்றன. லயத்துக் கூரையும் மலைத் தேயிலையும் சேர்ந்து உண்டான அந்தக் கறுப்பினால் அவர் வரைந்த முதிய பெண்களின் கைகளைப் பார்த்தபோது, அவை யாருடைய கைகள் என்று பிள்ளைகள் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். தேயிலைப் பையையும் தேயிலைக் கறையையும் கொண்டு நம் மக்களின் வாழ்வைக் காட்சிக்கூடங்களில் பேசவைத்த ஹனுஷா சோமசுந்தரம் ஹட்டனிலிருந்து போனவர்தான். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை கண்ணுக்குத் தெரிகிறது. கூத்தும் தப்பும் முன்னோர் தந்தவை, ஓவியம் புதிது என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாத்தியாரும் இன்று வாழ்கிற, இன்று ஆடுகிற கலைஞர்தான். அவரை அருங்காட்சியகப் பொருளாக நாம் நினைக்கத் தொடங்கினால், அவருக்குப் பிறகு அந்த ஆட்டத்தை யாரும் கற்கமாட்டார்கள்.

கலைத்துறைக்குத் தலைமை தந்தவர்கள் என்ற பிரிவில் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் விழாக் குழுவுக்குள் அதிக விவாதம் நடந்தது. நன்கொடையாளர்கள் சிலரின் பெயர்கள் முன்மொழியப்பட்டன. அவர்களின் உதவியை மறக்கவில்லை. ஆனால் அந்த இடம் வேறு வகை உழைப்புக்கு உரியது என்று நான் வாதிட்டேன். 1947இல் தலவாக்கலையிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் எத்தனை இன்று எஞ்சியிருக்கும்? அவருக்கு முன்னரே, தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரைத் தாமே பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். ஆகவே நம் ஊரில் இருவரைத் தெரிந்தோம். ஒருவர், கூத்துப் பாடல்களை முப்பது ஆண்டுகளாகக் கொப்பிகளில் எழுதி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தபால் ஊழியர். மற்றவர், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தப்பும் ஆட்டமும் கற்பிக்க இடம் ஒழுங்கு செய்து தரும் ஆசிரியை. தப்பை எடுப்பது தங்களைத் தாழ்த்தும் என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் தடுத்த காலத்தில், அவர் தம் மகளை முதலில் சேர்த்தார். அதன் பின் எல்லா லயத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அன்று பிரட்டுக்களத்தில் கடைசியாக அடித்த சிறுவர் குழுவில் ஏழு பேர் பெண் பிள்ளைகள்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரில் நடந்த பெரிய கலை விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். விருந்தினரை வாசலிலிருந்து அழைத்து வரத் தப்புக் கலைஞர்களை நிறுத்தியிருந்தார்கள். விருந்தினர் அமர்ந்ததும் அவர்களுடைய வேலை முடிந்தது. அவர்களுக்குக் கதிரை இல்லை, உரைகள் முடியும்வரை சாப்பாடும் இல்லை. இரவு பத்து மணிக்கு, திரும்பிப் போகும் வாகனத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் பசியோடு தூங்கிப்போனான். அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே இம்முறை மூன்று விடயங்களில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கலைஞர்களுக்கே முதல் பந்தி. உரைகள் மொத்தம் இருபது நிமிடம். மூன்றாவது, பணம். சனிக்கிழமையும் வேலை நாள். விழாவுக்கு வந்த கலைஞர்களுக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் வேலைக் கணக்கு, விழாது. பொன்னாடையும் கேடயமும் கொடுத்து அனுப்பினால், நம்முடைய பாராட்டுக்காக அவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து வீட்டுக்குப் போவார்கள். எனவே ஒத்திகை நாள் உட்பட ஒவ்வொருவருக்கும் இழந்த பேருக்குரிய தொகையும், அதற்கு மேல் கலைக்கான ஊதியமும் உறையில் வைத்துக் கொடுத்தோம். கேடயம் செய்யவில்லை. இதைக் குறையாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். கேடயத்துக்கு ஒதுக்கிய பணத்தில்தான் சிறுவர் குழுவுக்கு நான்கு தப்பு வாங்கினோம், அடுத்த ஆண்டும் அப்படியே செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ரொட்டி, கட்டச்சம்பல், மரவள்ளிக்கிழங்கு, கோழிக்கறி. சாயத்தண்ணி இரவு பதினொரு மணி வரை அடுப்பில் இருந்தது. பந்திக்குப் பின் நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒன்று நடந்தது. வாத்தியார் எழுந்து, மாசி இல்லாத காலத்தில் காமனைப் பாடக் கூடாது என்று தாமே முன்கூட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தூதன் வருகையை மட்டும் இரண்டு அடி ஆடினார். சிறுவர் குழு சொல்லாமலே அடியைப் பிடித்துக்கொண்டது. அறுபது வயதைத் தாண்டிய பலர் சலங்கை இல்லாத வெறுங்காலோடு உள்ளே இறங்கினார்கள்.

இப்போது மாசிக்கான வேலை இருக்கிறது. வரும் கூத்தில் சிவன் வேடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. எமனுக்கு இன்னும் இல்லை. தபால் ஊழியரின் பதினான்கு கொப்பிகளையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடிக்கும் வேலையை வத்தளையிலிருக்கும் தம்பி ஏற்றிருக்கிறார். கொப்பிகளைப் புரட்டியபோது ஒரு குறை தெரிந்தது: ரதி புலம்பலில் மூன்றாம் கண்ணிக்குப் பின் இரண்டு பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. அது வாத்தியாருக்கும் முழுதாக நினைவில்லை. அந்தப் பகுதியை எப்போதும் ரதியே பாடி வந்ததால் தாம் எழுதிக்கொள்ளவில்லை என்கிறார்.

பெரியப்பா, உங்களுக்கு இருமல் சற்றுக் குறைந்ததும், நான்காம் கண்ணியிலிருந்து தொலைபேசியில் பாடிப் பதிந்து அனுப்புங்கள். இராகம் தவறினாலும் பரவாயில்லை, சொற்கள் வந்து சேர்ந்தால் போதும். தைப்பொங்கலுக்கு முன் கிடைத்தால், வாத்தியார் அதைக் கேட்டுப் பழகப் போதிய நாள் இருக்கும். உங்கள் பொன்னாடையை அடுத்த மாதம் தமிழ்நாட்டுக்கு வரும் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மேல் லயத்துக் கடைசி வீட்டுப் பிள்ளை